சேந்தமங்கலத்துக்கு வந்த சந்நியாசி: நாமக்கல் சமவெளியில் ஒரு பகல்

எபேசு நகரத்து இடிபாடுகளைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். வழிகாட்டி காலையில் பழைய அரங்கத்தையும் செல்சஸ் நூலகத்தின் முகப்பையும் காட்டுகிறார். பிற்பகலில் யோவானின் கல்லறை மேல் எழுந்த பேராலயத்தின் ஒடிந்த தூண்களுக்கு நடுவே நிறுத்திக் கதை சொல்கிறார். பழைய உலகத்தின் சிதைவும், அதற்குள் முளைத்த புதிய சமயத்தின் தொடக்கமும் ஒரே பகலில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகின்றன. போய் வந்தவர்கள் மாதக்கணக்கில் அதைப் பற்றியே பேசுகிறார்கள்.

அதே போன்ற ஒரு பகல் நாமக்கல்லிலும் காத்திருக்கிறது. முட்டைக்கும் லாரிக்கும் பெயர்போன மாவட்டம் இது. வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் ஆஞ்சநேயருக்காக. வடைமாலை சாத்தி, பிரசாதம் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திருச்சி சாலையிலோ சேலம் சாலையிலோ ஏறிவிடுகிறார்கள். எதிரே நிற்கும் பாறைக்குள் 8-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள் இருக்கின்றன. உச்சியில் கோட்டை இருக்கிறது. சற்றுத் தொலைவில் உள்ள சேந்தமங்கலத்துக்கு 1623-இல் ஓர் இத்தாலியர் காவி உடுத்தி வந்தார். சேலம் நாமக்கல் சமவெளியின் கிறிஸ்தவ வரலாறு அந்த வருகையில்தான் தொடங்குகிறது. அந்தக் கோட்டையையும் இந்த வருகையையும் ஒரே பாளையக்காரரின் பெயர் இணைக்கிறது. இதைக் கோத்துச் சொல்ல ஒரு நல்ல வழிகாட்டி கிடைத்தால், நாமக்கல்லுக்கு வந்து போகும் பகல் வேறு பகலாகிவிடும்.

எங்களுக்குக் கிடைத்தார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஈரோடு பக்கத்துச் சபை ஒன்றைச் சேர்ந்த குடும்பங்களும் சில கல்லூரி மாணவர்களும் வேனில் இருந்தார்கள். எல்லோருக்கும் அவர் வாத்தியாரய்யா.

பாறையைக் குடைந்தவர்கள்

நாமகிரி ஒற்றைப் பாறை. உயரம் ஏறத்தாழ 65 மீட்டர். ஊர் அதைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. மேற்கு அடிவாரத்தில் நரசிம்மர் குடைவரை, கிழக்குச் சரிவில் அரங்கநாதர் குடைவரை, தலையில் கோட்டை. நரசிம்மருக்கு எதிரே திறந்த வெளியில், மேற்கூரை இல்லாமல், 18 அடி உயர ஆஞ்சநேயர் கைகூப்பி நிற்கிறார். கண்டகி ஆற்றிலிருந்து கொண்டுவந்த சாளக்கிராமத்தை அவர் கமலாலயக் குளக்கரையில் இறக்கி வைத்ததாகவும், அதுவே மலையாக வளர்ந்ததாகவும் தலபுராணம். நாமகிரித் தாயார் சந்நிதி நரசிம்மர் கோயிலுக்குள் இருக்கிறது. கணித மேதை ராமானுஜனின் குடும்பம் வழிபட்ட தெய்வம் அவள். சமன்பாடுகள் கனவில் அவள் காட்டியவை என்று ராமானுஜன் நம்பினார். கணிதம் படிக்கும் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் அந்தச் சந்நிதியில் சற்று அதிக நேரம் நிற்பதைப் பார்க்கலாம்.

நரசிம்மர் குடைவரைக்குள் நுழைந்ததும் வாத்தியாரய்யா பேச்சைக் குறைத்துக்கொண்டார். கண் இருட்டுக்குப் பழக வேண்டும். நடுவே அமர்ந்திருக்கும் நரசிம்மரைத் தரிசித்துவிட்டு எல்லோரும் திரும்ப முற்பட்டபோது, “அம்மிணி, அதுக்குள்ள திரும்பாதீங்க. பக்கத்துச் சுவரையும் பாருங்க” என்றார் ஒரு பெண்ணிடம். இரணியனைக் கிழிக்கும் நரசிம்மம் ஒரு புறம். பூமியை ஏந்திய வராகம், பாம்பணை மேல் அமர்ந்த வைகுந்தநாதர், மூவுலகும் அளந்த திருவிக்கிரமன் என்று பாறை முழுக்க ஆள் உயரத்துக்குச் சிற்பங்கள். திருவிக்கிரமன் தூக்கிய காலை அண்ணாந்து பார்த்தால், குடைந்தவனின் துணிச்சல் தெரியும். ஒட்டவைத்த உறுப்பு எதுவும் இல்லை. பாறையில் இருந்ததை மட்டுமே விட்டு, மற்றதைக் களைந்திருக்கிறான். உளி ஓர் இடத்தில் தவறியிருந்தாலும் திருத்த வழி கிடையாது. மாமல்லபுரத்தைப் பற்றி எழுதிய அளவில் நூறில் ஒரு பங்காவது இந்தச் சுவரைப் பற்றித் தமிழ் வார இதழ்கள் எழுதியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அரங்கநாதர் குடைவரைக்குப் படியேறிப் போக வேண்டும். கார்க்கோடகன் என்னும் பாம்பின் மேல் பள்ளிகொண்ட பெருமாள். பக்கத்தில் பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர். இந்தக் குடைவரையின் கிரந்தக் கல்வெட்டுதான் கட்டியவர் யார் என்று சொல்கிறது. அதியர் குலத்துக் குணசீலன். கோயிலுக்கு அவன் இட்ட பெயர் அதியேந்திர விஷ்ணுகிருகம். எழுத்தமைதியை வைத்து அறிஞர்கள் 8-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். இரு குடைவரைகளும் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன.

அதியர் என்றதும் மாணவர்களுக்கு ஔவையும் நெல்லிக்கனியும் நினைவுக்கு வந்துவிட்டன. “அதே அதியமான் கட்டுனதுங்களா சார்?” என்று ஒருவர் கேட்டார். “அதே குலம் கண்ணு, அதே ஆளில்லை. நடுவுல ஐந்நூறு வருசத்துக்கு மேல ஓடிப்போச்சு” என்றார் வாத்தியாரய்யா. அதியமானின் தகடூரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான் என்று சங்க இலக்கியம் சொல்கிறது. அதோடு அதியர் கதை முடிந்துவிட்டதாகப் பாடப்புத்தகத்தில் படித்து நிறுத்திவிடுகிறோம். இந்தப் பாறை அவர்கள் முடியவில்லை என்கிறது. 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் தகடூர் அதியனோடு போரிட்டு வென்றதைத் தன் செப்பேட்டில் பெருமையாகப் பொறித்திருக்கிறான். பேரரசு ஒன்று வென்றதைப் பெருமையாகச் சொல்லும் அளவுக்கு அதியர் அப்போதும் வலிமையோடு இருந்தார்கள். அந்த வலிமையில்தான் நாமக்கல் பாறை குடையப்பட்டது.

ஒரு கால் மணி நேரம் காவிரி பக்கம்

பரமத்தி வேலூர்ப் பாலத்தைக் கடந்தால் அக்கரையில் கரூர் மாவட்டத்துப் புகளூர். ஆறுநாட்டார் மலைக் குகையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சேரர் மூன்று தலைமுறையை வரிசையாகச் சொல்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ. இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது, யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற சமண முனிவருக்குக் கல் படுக்கை வெட்டிக் கொடுத்தார்கள். நேரமிருப்பவர்கள் அதிகாலையிலேயே அங்கே போய்வந்து நாமக்கல் மலையை ஏறலாம். எங்கள் வேன் போகவில்லை. வாத்தியாரய்யா அதைக் கமலாலயக் கரையில் நின்றே சொன்னார், காரணத்தோடு. ஊர் ஊராக நடந்துவந்த துறவிக்கு அரசன் இடம் கொடுப்பது இந்தக் காவிரிக் கரையில் பழைய வழக்கம். சேந்தமங்கலத்தில் நாங்கள் கேட்கப்போகும் கதைக்கு முன்கதை அதுதான்.

இன்னொரு முன்கதையும் உண்டு. வெள்ளலூர், கரூர் என்று கொங்கு நாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரு பேரரசர்களின் காசுகள். இயேசு பிறந்தது அகஸ்டஸ் காலத்தில். சிலுவையில் அறையப்பட்டது திபேரியஸ் காலத்தில். யாருக்கு வரி கொடுப்பது என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு காசைக் காட்டச் சொன்னதாக நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. அது திபேரியஸின் காசாக இருக்கலாம் என்பது நாணயவியலாரின் பொதுவான கருத்து. அதே வகைக் காசு, அதே தலைமுறையில், மிளகுக்கும் பச்சைக் கல்லுக்கும் விலையாகக் கொங்குப் பெருவழிகளில் புழங்கியது. காசு வந்த வழியில் அந்தச் சமயம் உடனே இந்தச் சமவெளிக்கு வந்துவிடவில்லை. தோமா மரபு கேரளக் கரையிலும் மயிலாப்பூரிலும் நிற்கிறது. பரங்கிமலையில் பகலவி எழுத்துச் சிலுவை பல நூற்றாண்டுப் பழமையோடு இருக்கிறது. உள்நாட்டுச் சமவெளி 1623 வரை காத்திருந்தது.

உச்சியில் கோட்டை

தென்மேற்குப் பக்கம் பாறையில் வெட்டிய குறுகலான படிகள். காலை வெயில் ஏறுவதற்குள் ஏறிவிட வேண்டும். பாறை சுட ஆரம்பித்தால் இறங்குவதும் கஷ்டம். மேலே ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் சமதரை. சுற்றிலும் கல் மதில், நடுவே சிதைந்த பெருமாள் கோயில். மதில் ஓரம் நின்று வடகிழக்கே பார்த்தால் கொல்லிமலை நீளமாகப் படுத்திருக்கிறது. அதன் அடியில் சேந்தமங்கலம்.

கோட்டையை யார் கட்டினார்கள் என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. மைசூர் அரசின் அதிகாரி லட்சுமி நரசையா கட்டினார் என்பது ஒன்று. சேந்தமங்கலம் பாளையத்தை ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் கட்டினார் என்பது மற்றொன்று. ஒரே பாறையில் அடுத்தடுத்த கைகள் வேலை செய்திருப்பதும் இயல்புதான். 1768-இல் கர்னல் உட் தலைமையில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். சீக்கிரமே ஹைதர் அலி மீட்டார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம் சீமையின் பெரும்பகுதி ஆங்கிலேயரிடம் போனது. அதன் பிறகு கோட்டைக்கு வேலையில்லை.

ராமச்சந்திர நாயக்கர் என்ற பெயரை அங்கே மதில் ஓரம் வைத்தே வாத்தியாரய்யா எங்களிடம் கொடுத்தார். “இந்தப் பேரை மனசுல வெச்சுக்கங்க. கீழ போனதும் இவருதான் கதவைத் தொறக்கப் போறாரு” என்றார்.

1623

ராபர்ட் தெ நொபிலி 1577-இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்தவர். இயேசு சபையில் சேர்ந்து 1605-இல் கோவாவுக்கும், 1606-இல் மதுரைக்கும் வந்தார். மதுரையில் அப்போது பரவரிடையே பணிசெய்துகொண்டிருந்த போர்ச்சுக்கீசியக் குருவானவரை ஊர்க்காரர்கள் பரங்கி என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். நொபிலி அந்த அடையாளத்தைக் கழற்றிப் போட்டார். காவி உடுத்தினார், நெற்றியில் சந்தனம் இட்டார், பாதக்குறடு அணிந்தார், புலால் விட்டார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

இது கிறிஸ்தவமா, வேடமா என்று அவருடைய சபைக்குள்ளேயே சண்டை எழுந்தது. உடன் இருந்த குருவானவர் கோன்சாலோ பெர்னாண்டஸ் புகார் எழுதினார். வழக்கு கோவா வழியாக ரோமாபுரி வரை போனது. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை 15-ஆம் கிரகோரி, பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றைச் சமூக வழக்கமாக எண்ணி வைத்துக்கொள்ள அனுமதி அளித்தார். அந்த ஆணை கப்பலேறி வர மாதக்கணக்கு ஆகும். அதே 1623-இல்தான் நொபிலி மதுரையை விட்டு வடக்கே கிளம்பினார். மதுரையில் திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்த ஆண்டும் அதுதான். திருச்சியைத் தாண்டி, காவிரியைக் கடந்து, மதுரை நாயக்கருக்குக் கீழ்ப்பட்ட சேந்தமங்கலத்துக்கு நொபிலி வந்து சேர்ந்தார்.

ராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையோடு வரவேற்றார். ஊரில் இடமும் தந்தார். வந்தவர் எந்த நாட்டவர், எந்தக் கடவுளைச் சொல்கிறார் என்பதை நாயக்கர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பதைவிட, துறவி ஒருவர் வாசலுக்கு வந்தால் பாளையக்காரர் என்ன செய்வார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெருமாளுக்கு மண்டபம் எழுப்பும் குடும்பம், வேறொரு தெய்வத்தைச் சொல்ல வந்தவருக்கும் இடம் ஒதுக்கியது. புகளூர்க் குகையில் சேரன் செய்ததும் இதைத்தான்.

சேந்தமங்கலத்தில் காட்டுவதற்கு அந்தக் காலத்துத் தேவாலயச் சுவர் கிடையாது. வேனில் வந்தவர்களுக்கு முதலில் இது ஏமாற்றம்தான். கடைவீதி, பேருந்து நிறுத்தம், பெருமாள் கோயில், பின்னால் மலை. வாத்தியாரய்யா கோயில் அருகே நிழலில் எல்லோரையும் நிறுத்தி, இயேசு சபையினரின் கடிதங்களில் வரும் ஊர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம். அந்தக் கடிதங்களை பெர்ட்ராண்ட் பாதிரியார் 1847 முதல் 1854 வரை நான்கு தொகுதிகளாகப் பிரெஞ்சில் வெளியிட்டார். மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதிய யாரும் அவற்றில் கைவைக்காமல் எழுதியதில்லை. நம் ஊர் பற்றிய 400 ஆண்டுப் பழைய நேரடிச் சாட்சி அது. முழுமையான தமிழ்ப் பதிப்பாக அது நம் மாவட்ட நூலகங்களில் இருந்திருக்க வேண்டும்.

சேலத்துக் கதை வேறு. சேந்தமங்கலத்தில் திறந்த கதவு அங்கே திறக்கவில்லை. நொபிலிக்கு யாரும் வீடு கொடுக்கவில்லை. காற்றும் மழையும் புகும் சாவடியில் பல நாட்கள் கிடந்தார், காய்ச்சல் கண்டது. பிறகுதான் ஒருவர் மனமிரங்கி இடம் தந்தார். அந்த ஊரில்தான் திருமங்கல நாயக்கர் அவரைத் தேடி வந்தார். ராமச்சந்திர நாயக்கரின் அண்ணன் அவர். தம்பியிடம் ஆட்சியை இழந்து சேலத்தில் தஞ்சம் புகுந்திருந்தார். பிள்ளைகள் முதலில் போதனை கேட்டார்கள், பிறகு தந்தை கேட்டார். 1625-இல் திருமங்கல நாயக்கர் திருமுழுக்குப் பெற்றார். ஆட்சியில் இருந்த தம்பி இடம் கொடுத்தார். ஆட்சியை இழந்த அண்ணன் சமயத்தையே ஏற்றார்.

ஈரோட்டு அம்மா ஒருவர் இந்த இடத்தில் குறுக்கிட்டார். “வாத்தியாருங்க, அண்ணன் தம்பி சண்டையில ஏதாவது ஆதாயம் கிடைக்கும்னு சேர்ந்திருப்பாருங்களோ?” “கேக்கலாமுங்க. ஆனா நொபிலிகிட்டப் படையுமில்ல, பணமுமில்ல. படுக்க இடம் இல்லாம சாவடியில கெடந்தவர்கிட்ட என்ன ஆதாயம்?” என்றார் அவர். போர்ச்சுக்கீசியர் ஆட்சி செய்த கடற்கரைக்கு அது பொருந்தலாம். கடலிலிருந்து பல நாள் நடை தூரத்தில் இருந்த சேலத்துக்குப் பொருந்தாது.

நொபிலியைப் புகழ மட்டும் முடியாது. மேல்சாதியாரிடம் செல்ல அவர் சாதியின் வேலியை அப்படியே ஏற்றுக்கொண்டார். தாழ்த்தப்பட்டவர்களோடு வெளிப்படையாகப் பழகுவதைத் தவிர்த்தார். அவர்களிடம் செல்ல 1640 வாக்கில் பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் பிரிவு ஏற்பட வேண்டியிருந்தது. சாதியைக் கோயிலுக்குள் அனுமதித்ததன் விலையைத் தமிழ்க் கிறிஸ்தவம் பல இடங்களில் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தனிக் கல்லறை, தனி வரிசை என்று எழுந்த வழக்குகள் நமக்குத் தெரியும். வழிகாட்டி இதையும் சொல்ல வேண்டும். எங்கள் வழிகாட்டி சொன்னார். வேனில் சிலர் தலையாட்டினார்கள், சிலர் வெளியே பார்த்தார்கள்.

மற்றொரு பக்கம், தமிழ் உரைநடை நொபிலிக்குக் கடன்பட்டிருக்கிறது. ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம் முதலிய நூல்களை அவர் எழுதினார். செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில் தத்துவத்தை உரைநடையில் வாதிட்டுக் காட்டிய ஆரம்பகாலத்தவர்களில் ஒருவர் அவர். முதுமையில் கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. 1656 ஜனவரி 16-இல் மயிலாப்பூரில் காலமானார்.

சேந்தமங்கலத்திலிருந்து ராசிபுரம் பக்கம் திரும்பினால் காக்காவேரி வரும். இந்தப் பகுதியின் பழைய கத்தோலிக்க ஊர்களில் ஒன்று. மலைக்குப் போகாமல் சமவெளியிலேயே மாலையைக் கழிக்க விரும்புகிறவர்களுக்கு அந்த வழி ஏற்றது. சேலம் மறைமாவட்டம் தனியாக உருவானது 1930-இல். சீர்திருத்தச் சபையினரில் லண்டன் மிஷனரி சங்கம் 1827-இலேயே ஹென்றி கிறிஸ்ப் மூலம் சேலத்தில் காலூன்றியது. அது வேறொரு பகலுக்கான பயணம்.

மலை மேல் இரண்டு கல்லறைகள்

காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளியில் கொல்லிமலை ஏற்றம் தொடங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள். வல்வில் ஓரி ஆண்ட மலை, அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை எல்லாம் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்தவையே. செம்மேட்டில் ஓரியின் சிலையைப் பார்த்துவிட்டு, முடவாட்டுக்கால் சூப் குடித்துவிட்டு, நாங்கள் வாழவந்தி பக்கம் போனோம். இந்த மலையின் கிறிஸ்தவ வரலாறு தொடங்கிய இடம் அது.

சாலை இல்லாத காலத்தில் மலைக்குப் போக நடை, இல்லையென்றால் டோலி. மலேரியாவுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் இரவு தங்க மாட்டார்கள். ஜெஸ்ஸி பிராண்ட் சேந்தமங்கலத்தில் இருந்துகொண்டு இந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருந்த இளம் மிஷனரி. 1913-இல் ஈவ்லின் ஹாரிஸைத் திருமணம் செய்துகொண்டு, மனைவியோடு மலையில் குடியேறினார். ஆக, 1623-இல் நொபிலி வந்து நின்ற அதே ஊரிலிருந்து, 290 ஆண்டுகள் கழித்து அடுத்த படி மேலே ஏறியது.

பிராண்ட் தம்பதி வீடு கட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், தச்சும் பயிர்த்தொழிலும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது மலையில் நரம்புச் சிலந்தி நோய் பரவியிருந்தது. படியில் இறங்கிக் காலை நனைத்து நீர் எடுக்கும் கிணறுகளில் இருந்து வரும் புழு அது. தோலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். ஜெஸ்ஸி அதைச் சிறு குச்சியில் மெதுவாக, அறுந்துவிடாமல், நாள்தோறும் சுற்றிச் சுற்றி வெளியே எடுப்பாராம். அவருடைய மகன் பால் பிராண்ட் பெரியவரான பிறகு இதை விரிவாக எழுதியிருக்கிறார். மருந்தை மட்டும் கொடுத்து நிறுத்தாமல், யாரும் காலை நனைக்காதபடி கிணற்றைக் கட்டச் சொல்லி ஊர் ஊராகப் போனார் அப்பா என்பதுதான் மகனுக்கு மறக்காத செய்தி. இந்தியா 2000-இல் நரம்புச் சிலந்தி அற்ற நாடாகச் சான்று பெற்றது. அந்தப் பெரிய பணியின் ஆரம்பகாலத் தொண்டர்களில் ஒருவர் இந்த மலைமேல் இருந்தார்.

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலைக்காரர்கள் அவரை அங்கேயே புதைத்தார்கள். பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். அப்பா கைப்பட எழுதிய கடிதங்கள், அவர் இறந்த செய்திக்குப் பிறகும் கப்பலில் வந்து சேர்ந்தன. அந்தச் சிறுவன் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. வலி உணர்வு போய்விடுவதால் அடிபட்டும் சுட்டும் தேய்கின்றன என்று நிறுவினார். தசைநாண்களை மாற்றிக் கட்டி, மடங்கிப்போன கைகளை மீண்டும் வேலை செய்ய வைத்தார். உலகம் முழுவதும் தொழுநோய் மறுவாழ்வு மருத்துவம் அந்த வழியில் மாறியது. அந்த மருத்துவர் மரமேறி விளையாடிய மலை இது.

ஈவ்லினின் கதை இன்னும் பெரியது. அவரை அனுப்பிய மிஷன் சங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்தபோது வயது ஏறத்தாழ 70. ஓய்வு பெற்றுக்கொண்டு, சங்கத்தின் ஊதியம் இல்லாமல், தானே மலைக்குத் திரும்பினார். குதிரையில் மலை மலையாகப் போனார். விழுந்து எலும்பு முறிந்த பிறகு கோல் ஊன்றிப் போனார். 1974 டிசம்பரில், 95-ஆம் வயதில் காலமானபோது, 45 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட கணவர் பக்கத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள். ஈரோட்டு அம்மா அந்தக் கல்லறை அருகே நீண்ட நேரம் நின்றார். “எழுபது வயசுல எனக்குக் கோயில் படியே ஏற முடியலீங்க, சாமி” என்று மட்டும் வாத்தியாரய்யாவிடம் சொன்னார்.

செய்ய வேண்டியவை

இந்தப் பாதை முழுவதும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்குகிறது. ஒரு வேன், ஒரு நாள், விஷயம் தெரிந்த ஒருவர் போதும். மாவட்டச் சுற்றுலா அலுவலகம் ஞாயிற்றுக்கிழமைகளில் நாமக்கல் பேருந்து நிலையத்திலிருந்து இந்தப் பயணத்தை நடத்த வேண்டும். குடைவரைகள், கோட்டை, சேந்தமங்கலம், வாழவந்தி என்ற நான்கு நிறுத்தங்கள் போதும். உள்ளூர்க் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கலாம். படிக்கும்போதே அவர்களுக்கு வருமானமும் கிடைக்கும்.

நொபிலி வந்து 400 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. அவருக்கு இடம் கொடுத்த ராமச்சந்திர நாயக்கரின் பெயரையும் சேர்த்துச் சேந்தமங்கலத்தில் ஒரு கல்வெட்டு நட வேண்டும். அதைச் சேலம் மறைமாவட்டமும் பேரூராட்சியும் பெருமாள் கோயில் நிர்வாகமும் சேர்ந்து செய்தால் அழகு. சமயப் பெயரால் ஊர்களைப் பிரித்துப் பேசும் பேச்சு மலிந்திருக்கிற இந்த நாட்களில், அப்படி ஒரு கல் நிற்பது அவசியம் என்று உறுதியாக நம்புகிறேன். பெர்ட்ராண்ட் தொகுதிகளில் சேலம் நாமக்கல் பகுதி பற்றிய கடிதங்களையாவது தமிழில் கொண்டுவர, ஒரு பல்கலைக்கழகமோ பதிப்பகமோ முன்வர வேண்டும்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலை 7 மணிக்குள் மலையடியில் இருங்கள். முதலில் கோட்டை ஏறி இறங்கிவிட்டுப் பிறகு குடைவரைகளுக்குப் போங்கள். நண்பகலில் நடை சாத்துவார்கள். சந்நிதிக்குள் படம் எடுக்காதீர்கள். பக்கச் சுவர்களைப் பார்க்க அர்ச்சகரிடம் அனுமதி கேட்டு ஐந்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். மதியச் சாப்பாட்டைச் சேந்தமங்கலத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். மலைக்குப் பெரிய பேருந்து வேண்டாம், வேன் போதும். வளைவுகளில் வயிறு புரட்டும் என்பதால் பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் காரவள்ளிக்கு இறங்கிவிடுங்கள்.